பல்லாவரம் ஒரு ஊரா, இல்லை தாம்பரம் போகிற வழியா?

மலையடிவாரம்:

என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். "எங்கள் ஊர்" என்ற தலைப்பில் இரண்டு பக்கம் எழுதி வரச் சொல்லியிருக்கிறார்கள். ராத்திரி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வந்து, "அப்பா, நம்ம ஊர்ல என்ன இருக்கு?" என்று கேட்டாள். பக்கத்தில் ஏர்போர்ட், வெள்ளிக்கிழமை சந்தை, ஸ்டேஷன், மலை என்று சொன்னேன். நாலு வரியோடு நின்றுவிட்டது. பென்சிலை வைத்துவிட்டு, "நாம தாம்பரம் மாநகராட்சிதானே, தாம்பரம்னே எழுதிடட்டுமா?" என்றாள். அதற்கு அப்புறம் சாப்பாடு இறங்கவில்லை.

2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் ஒன்றாகச் சேர்த்து மாநகராட்சி ஆக்கினார்கள். அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆனால் இந்த மலையடிவாரத்திலேயே பிறந்து வளர்ந்த எனக்கு, ஊரைப் பற்றி இரண்டு பக்கம் சொல்லத் தெரியவில்லையே என்று மனசு அடித்துக்கொள்கிறது. இங்கே பழைய ஆட்கள் நிறைய பேர் இருக்கிறீர்கள். தெரிந்ததை எழுதுங்கள், நான் படித்துக் காட்டுகிறேன். திங்கட்கிழமை நோட்டு கொடுக்க வேண்டும்.

கல்தேடி:

ஐயா, முதலில் பாப்பாவிடம் இதைச் சொல்லுங்கள். இந்தியாவில் மனிதன் எவ்வளவு காலமாக வாழ்கிறான் என்ற கேள்விக்கு முதல் பதில் கிடைத்தது நம் ஊர் மண்ணில்தான்.

1863 மே 30. கத்திரி வெயில். ராபர்ட் புரூஸ் ஃபூட் என்பவர் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்தார். வயது 28. பல்லாவரத்தில் பட்டாளத்து அணிவகுப்பு மைதானத்துப் பக்கம் சரளைக்கல் எடுக்கத் தோண்டிய ஒரு சின்னக் குழி. அதில் வாரிப்போட்டிருந்த கற்களுக்கு நடுவே ஒரு கல் அவர் கண்ணில் பட்டது. குவார்ட்சைட் கல். இரண்டு பக்கமும் செதுக்கி, விளிம்பைக் கூராக்கி, கைக்குள் அடங்குகிற மாதிரி இருந்தது. தானாக உடைந்த கல் அப்படி இருக்காது, ஒருவன் உட்கார்ந்து தட்டித் தட்டிச் செய்தது. கைக்கோடரி. இந்தியாவில் பழைய கற்காலத்துக் கருவி என்று முதலில் அடையாளம் காணப்பட்டது அதுதான். அதே வருஷம் செப்டம்பரில் அவரும் அவருடைய துறையைச் சேர்ந்த வில்லியம் கிங்கும் திருவள்ளூர் பக்கத்து அத்திரம்பாக்கம் போய் இன்னும் நிறையக் கருவிகளைக் கண்டெடுத்தார்கள். அந்த அத்திரம்பாக்கக் கருவிகளில் பழையவற்றுக்குப் பதினைந்து லட்சம் வயது இருக்கலாம் என்று தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினரின் ஆய்வு 2011-ல் வந்தது.

ஒன்றை யோசித்துப் பாருங்கள். அந்தக் குழியைத் தோண்டியது ரோட்டுக்கோ மைதானத்துக்கோ கல் எடுத்த கூலியாட்கள். எத்தனை கைக்கோடரி சரளையோடு சரளையாக ரோட்டுக்கு அடியில் போயிருக்கும்! நான் இன்றைக்கும் எங்கேயாவது அஸ்திவாரம் தோண்டினால் நின்று மண்ணைப் பார்த்துவிட்டுத்தான் போவேன். வீட்டில் திட்டுவார்கள்.

யூனிட்வண்டி:

கல்தேடி அண்ணே சொன்னதுக்கு மேலே சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை, ஆனால் ரயிலை விட்டுவிடாதீர்கள். 1931-ல் பீச்சிலிருந்து தாம்பரத்துக்கு எலெக்ட்ரிக் ரயில் விட்டார்கள். மீட்டர் கேஜ். அதுதான் பல்லாவரத்தை ஆபீஸ் போகிறவர்கள் குடியிருக்கிற ஊராக ஆக்கியது. ஸ்டேஷனுக்கு நடக்கிற தூரத்துக்குள் வீடு வேண்டும் என்றுதான் எங்கள் தாத்தா இங்கே மனை வாங்கினார். 2004-ல் மீட்டர் கேஜ் வண்டியை நிறுத்தினார்கள். எங்கள் பெரியவர்களுக்கு அது கடைசிவரைக்கும் "யூனிட்" வண்டிதான். "ஏழு அம்பது யூனிட்டைப் பிடிச்சுடு" என்றுதான் அப்பா சொல்வார்.

தமிழாசிரியை:

பணி ஓய்வு பெற்றுப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. முப்பது ஆண்டுகள் தமிழ் கற்பித்தவள் என்ற முறையில் இதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

மறைமலையடிகள் வாழ்ந்த ஊர் பல்லாவரம். சென்னைக் கிறித்துவக் கல்லூரி ஜார்ஜ் டவுனில் இருந்த காலத்தில் அங்கே தமிழாசிரியராக இருந்தவர், 1911-இல் அந்தப் பணியை விட்டுவிட்டு இங்கே குடிவந்தார். 1950 செப்டம்பரில் மறையும் வரை இதுதான் அவருக்கு ஊர். தனித்தமிழ் இயக்கம் 1916-இல் தொடங்கியது பல்லாவரத்தில் அவர் வீட்டில்தான். அவரும் அவர் மகள் நீலாம்பிகையும் வடசொல் கலவாமல் பேசுவது, எழுதுவது என்று முடிவு செய்தார்கள். வேதாசலம் என்ற தம் பெயரையே மறைமலை என்று மாற்றிக்கொண்டார். வேதம் மறை, அசலம் மலை. அவர் நடத்திய "ஞானசாகரம்" இதழ் "அறிவுக்கடல்" ஆயிற்று. "சமரச சன்மார்க்க நிலையம்" "பொதுநிலைக் கழகம்" ஆயிற்று.

இன்று நாம் தலைவர் என்று அக்கிராசனரையும், தேர்வு என்று பரீட்சையையும், வேட்பாளர் என்று அபேட்சகரையும் சொல்கிறோம். இந்தச் சொற்கள் எல்லாம் அவர் ஒருவர் ஆக்கியவை அல்ல. ஆனால் அப்படித் தமிழிலேயே சொல்ல முடியும் என்ற துணிவு ஒரு வீட்டில் தொடங்கியது. அந்த வீடு நம் ஊரில் இருந்தது. பேத்திக்கு ஒரு வேலை கொடுங்கள்: கட்டுரையை எழுதி முடித்ததும் தன் பெயரையும் அப்பா பெயரையும் தமிழாக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். வகுப்பில் நான் இதைத்தான் செய்வேன். பிள்ளைகள் அரை மணி நேரம் சத்தமில்லாமல் உட்கார்ந்து யோசிப்பார்கள்.

பம்மல்பையன்:

எல்லாரும் நல்லா எழுதறீங்க, ஆனா எனக்கு ஒரு வருத்தம் இருக்கு, சொல்லிடறேன். கைக்கோடரி, மறைமலையடிகள் எல்லாம் பெருமைதான். ஊர்னா அது மட்டும் இல்லையே. தண்ணியைப் பத்தி யாரும் பேசலையே?

எங்க அப்பா டேனரியில இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தார். நாகல்கேணிப் பக்கம். தோல் எப்படிப் பதனிடறாங்கன்னு தெரியாதவங்களுக்குச் சொல்றேன். உப்புப் போட்ட பச்சைத் தோல் வரும். தண்ணியில ஊறப்போட்டு உப்பை எடுக்கணும், அப்புறம் சுண்ணாம்புத் தொட்டியில போட்டு முடியைக் கழிக்கணும், சதையைச் சீவணும். அந்தக் காலத்துல ஆவாரம்பட்டையில ஊறவெச்சுப் பதப்படுத்துவாங்க, வாரக்கணக்குல ஆகும். குரோம் உப்பு வந்ததும் பெரிய டிரம்முல போட்டுச் சுத்தினா ஒண்ணு ரெண்டு நாள்ல வேலை முடிஞ்சுடும். தோல் வெளிர்நீலமா வெளியே வரும். அப்பா கையும் அப்படித்தான் இருக்கும், விரல் இடுக்குல எல்லாம் வெடிச்சு. தேங்காயெண்ணெய் தடவிட்டுத் தூங்குவார்.

டிரம்முலேர்ந்து வழிஞ்ச தண்ணி எங்கே போச்சு? வாய்க்காலுக்குப் போச்சு, மண்ணுக்குப் போச்சு, எங்க கிணத்துக்கு வந்துச்சு. தண்ணி மஞ்சளா இருக்கும். அம்மா அந்தத் தண்ணியில பருப்பு வெச்சா வேகவே வேகாது. எவ்வளவு நேரம் கொதிச்சாலும் கல்லு மாதிரி நிக்கும். சமையலுக்கு ரெண்டு குடம் நல்ல தண்ணி தனியா வாங்கி, மூடி போட்டு, சாமி படத்துக்குக் கீழே வெச்சிருப்பாங்க. யாரும் தொடக்கூடாது. பின்னாடி எல்லா டேனரிக்கும் பொதுவா ஒரு சுத்திகரிப்பு நிலையம் வந்துச்சு, இல்லைன்னு சொல்லலை. ஆனா மண்ணுக்குள்ள இறங்கினது இறங்கினதுதான்.

பாப்பா கட்டுரையில எங்க அம்மாவோட ரெண்டு குடமும் வரணும். அதுவும் இந்த ஊர் வரலாறுதான்.

மலையடிவாரம்:

தம்பி, கண்டிப்பாக வரும். அந்தப் பருப்பு வேகாத கதையைப் படித்தபோது என் மனைவி, "எங்க வீட்டிலயும் அப்படித்தான், சோடா மாவு போடுவோம்" என்றாள். அவள் பிறந்த வீடும் பம்மல்தான். இத்தனை வருஷத்தில் என்னிடம் இதைச் சொன்னதே இல்லை.

சேம்பர்ஸ்காலனி:

பம்மல்பையன் சொன்ன குரோம் உப்பிலிருந்துதான் எங்கள் ஊரின் பெயரே வந்தது. குரோம்பேட்டை. போன நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் என்பவர் சென்னைக் கலைத் தொழிற்பள்ளியில் குரோம் முறையில் தோல் பதனிட்டுப் பார்த்தார். கிணற்றிலிருந்து மாடு கட்டித் தண்ணீர் இறைக்கிற கவலைக்குத் தோல் பை தைப்பார்களே, அது தண்ணீரில் அழுகாமல் நீண்ட நாள் உழைக்க வேண்டும் என்பது அவருடைய அக்கறைகளில் ஒன்று. பிறகு ஜி. ஏ. சேம்பர்ஸ் இங்கே குரோம் லெதர் தொழிற்சாலையை நிறுவினார். ஊர் அந்தக் கம்பெனியின் பெயராலேயே குரோம்பேட்டை ஆனது, எங்கள் காலனி அவர் பெயரால் இருக்கிறது.

ஒரு வேதியியல் பொருளின் பெயரை ஊருக்கு வைத்துக்கொண்டு நூறு வருஷமாக வாழ்கிறோம். பெயர் எங்களுக்கு, உப்பு பம்மலுக்கு என்று பம்மல்பையன் நினைத்தால் அதில் நியாயம் இருக்கிறது.

இன்னொரு மனிதரையும் இங்கே சொல்ல வேண்டும். சி. ராஜம். 1949-ல் எம்.ஐ.டி. என்கிற மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி பொறியியல் கல்லூரியைத் தொடங்கியவர். அதற்குப் பணம் வேண்டும் என்று தன் வீட்டையே விற்றார். நாட்டில் வேறெங்கும் எளிதில் படிக்க முடியாத விமானப் பொறியியல், மின்னணுவியல் மாதிரிப் பாடங்களோடு அது ஆரம்பித்தது. அப்துல் கலாம் விமானப் பொறியியல் படித்தது இங்கேதான். நான் சின்ன வயதில் அந்த வாசலைக் கடந்துதான் டியூஷனுக்குப் போவேன், உள்ளே ஒரு பழைய விமானம் நிற்பதைப் பார்ப்பதற்காகவே சைக்கிளை மெதுவாக விடுவேன்.

மௌலாமலை:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். எல்லோரும் கீழே நின்றே பேசுகிறீர்களே, மேலே ஏறுங்கள்.

மலையில் இருக்கிற குகை மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்தது. ஏழாம் நூற்றாண்டு. பாறையில் வரிசையாக ஐந்து அறைகள். முன்னால் பருத்த தூண்கள். அவனுடைய விருதுப் பெயர்களை உத்தரத்தில் வெட்டி வைத்திருக்கிறான். ஊரின் பெயரையும் பல்லவபுரம் என்பதிலிருந்து வந்ததாகத்தான் சொல்வார்கள். இன்று அது எங்கள் தொழுமிடம், தர்கா. பஞ்ச பாண்டவர் மலை என்று சொல்கிறவர்களும் உண்டு, மௌலா மலை என்று சொல்கிறவர்களும் உண்டு. மலை ஒன்றுதான்.

என் பாட்டிக்கு மூட்டுவலி. ஆனாலும் வியாழக்கிழமை படி ஏறிவிடுவார். கூட வருகிறவர்களில் பாதிப் பேர் பக்கத்துத் தெரு அம்மாக்கள், குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் மந்திரித்துக்கொண்டு போக வருவார்கள். பாட்டி உட்காருவது எப்போதும் ஒரே தூணோரம். வெயில் நேரத்திலும் அந்தக் கல் சில்லென்று இருக்கும், முதுகைச் சாய்த்தால் வலி குறையும் என்பார். நானும் சாய்ந்து பார்த்திருக்கிறேன். ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முன்னால் உளி வைத்தவனின் வரிவரியான கொத்தல் தழும்பு முதுகில் படும்.

இந்தக் குகையைப் பற்றி வெளியூர்க்காரர்கள் பேச ஆரம்பித்தால் "இது யாருடையது" என்ற இடத்துக்கு வந்துவிடுவார்கள். உள்ளூரில் அந்தக் கேள்வியை நான் கேட்டதில்லை. பாப்பா மேலே வர விரும்பினால் நானே கூட்டிப்போகிறேன். பல்லவன் வெட்டிய எழுத்தைக் காட்டுகிறேன்.

தமிழாசிரியை:

மௌலாமலைத் தம்பி, நானும் வருகிறேன். முப்பத்தைந்து ஆண்டுகளாக மலையைக் கீழிருந்தே பார்த்துக்கொண்டிருக்கிறேன். முழங்கால் ஒத்துழைக்க வேண்டும்.

கல்தேடி:

பாட்டி சாய்ந்த அந்தக் கல்லைப் பற்றி ஒரு வார்த்தை. அதுவே ஒரு பெரிய கதை.

கொல்கத்தாவில் செயின்ட் ஜான்ஸ் தேவாலயத்தில் ஜாப் சார்னாக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியின் கல்லறை இருக்கிறது. 1690-களில் இறந்தவர். 1893-ல் தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் அந்தக் கல்லறைக் கல்லை ஆராய்ந்தார். கொல்கத்தா வண்டல் மண் பூமி, அங்கே கல்லே கிடையாது. இது எங்கிருந்து வந்தது? நம் பரங்கிமலை, பல்லாவரம் குன்றுகளில் இருக்கிற அதே பாறை. கருநீலமும் பச்சையும் கலந்த மாதிரி, உடைத்த முகத்தில் எண்ணெய் தடவியது போல மினுமினுப்பு. சார்னாக்கின் பெயரால் அந்தப் பாறை வகைக்குச் சார்னகைட் என்று ஹாலண்ட் பெயர் வைத்தார். இன்று உலகத்தில் எந்த நாட்டில் நிலவியல் படித்தாலும் அந்தச் சொல்லைப் படிக்காமல் வெளியே வர முடியாது. அந்த வகைக்கே மாதிரி இடம் நம்முடைய குன்றுகள்தான்.

அதோடு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரியா பல்லாவரத்தில், இறந்தவரை வைத்துப் புதைக்கிற சுடுமண் ஈமப்பேழை ஒன்றைக் கண்டெடுத்தார். பெருங்கற்காலத்தது. தொட்டி மாதிரி நீளமாக, அடியில் இரண்டு வரிசையாகக் குட்டிக் குட்டிக் கால்களோடு. முதல் தடவை பார்த்தபோது எனக்கு ஏதோ ஒரு பிராணி படுத்திருக்கிற மாதிரி தெரிந்தது. அது எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஃபூட் வாழ்நாளெல்லாம் சேர்த்த கருவிகளையும் 1904-ல் அதே அருங்காட்சியகம் வாங்கிக்கொண்டது.

இப்போது எண்ணிப் பாருங்கள். கல் கொல்கத்தாவுக்குப் போனது. பேழை எழும்பூருக்குப் போனது. அடிகள் தேடித்தேடி வாங்கிச் சேர்த்த நாலாயிரம் புத்தகங்களும் அவர் காலத்துக்குப் பிறகு லிங்கிச் செட்டித் தெருவில் நூலகமாயின. நல்லபடியாகப் பாதுகாத்தார்கள், அதில் சந்தோஷம். ஆனால் ஊரின் பெயர் ஊரை விட்டு வெளியே போய் வாழ்கிறது. அதனால்தான் இங்கே பிறந்த பிள்ளைக்கு நாலு வரிக்கு மேல் சொல்ல நமக்கு வரவில்லை.

பம்மல்பையன்:

அண்ணே, நல்லதெல்லாம் வெளியூருக்குப் போச்சு, குரோம் மட்டும் இங்கேயே தங்கிடுச்சு.

ஏரிக்கரை:

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டே வருகிறேன். தண்ணீர் என்று பம்மல்பையன் ஆரம்பித்ததால் நானும் எழுதுகிறேன்.

நம் பக்கத்து ஊர்ப் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள். கீழ்க்கட்டளை, சிட்லபாக்கம், செம்பாக்கம், திருநீர்மலை. ஒன்றுவிடாமல் ஏரி இருக்கும். திருநீர்மலைக்குத் திருமங்கையாழ்வார் வந்தபோது மலையைச் சுற்றி ஒரே தண்ணீர், கிட்டே போக முடியவில்லை, ஆறு மாதம் காத்திருந்து வடிந்த பிறகுதான் பெருமாளைச் சேவித்தார் என்பது தலவரலாறு. நின்றான், இருந்தான், கிடந்தான், நடந்தான் என்று நாலு கோலம். ஆறு மாதம் வடியாத தண்ணீர் என்றால் இந்த பூமி எப்படிப்பட்ட பூமி என்று புரிந்துகொள்ளலாம்.

பல்லாவரம் பெரிய ஏரியைப் பாருங்கள். துரைப்பாக்கம் போகிற ரேடியல் ரோடு நடுவில் பாய்ந்து ஏரியை இரண்டாக்கியது. ஒரு பக்கத்தில் வருஷக்கணக்காகக் குப்பை மலை. என் அப்பாவுக்கு அந்த ஏரியில் நீச்சல் தெரியும். எனக்கு அந்த ரோட்டில் வண்டி ஓட்டத் தெரியும்.

2015 டிசம்பர் 1. அந்த ஒரு நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. நாங்கள் அப்போது அனகாபுத்தூரில் ஆற்றுக்குக் கிட்டே வாடகைக்கு இருந்தோம். ராத்திரி பதினொன்றுக்குப் பாத்ரூம் ஓட்டையிலிருந்து தண்ணீர் மேலே வந்தது. வாசலில் இன்னும் வரவில்லை, உள்ளே இருந்து வருகிறது. அதைப் பார்த்ததும் அம்மா சொன்னது, "ஆறு வந்துடுச்சு, அரிசியை மேலே ஏத்து." ஒரு மணிக்கெல்லாம் இடுப்பளவு. மொட்டை மாடியில் ஐந்து குடும்பம், ஒரு தார்ப்பாய். விடிந்து பார்த்தால் ஏர்போர்ட் பக்கம் ஒரே வெள்ளம், தலைக்கு மேலே ஒரு விமானம் கூட இல்லை. டிசம்பர் 6 வரைக்கும் ஏர்போர்ட்டை மூடி வைத்திருந்தார்கள். அந்த நிசப்தம் இருக்கிறதே, பம்மல், பொழிச்சலூர், அனகாபுத்தூர்க்காரர்களுக்குத்தான் தெரியும். பயந்துபோய்விட்டோம்.

மூன்றாம் நாள் ஒரு கல்யாண மண்டபத்தில் அடுப்பு மூட்டினார்கள். யார் அரிசி, யார் பருப்பு என்று ஒருத்தரும் கேட்கவில்லை. பெரிய அண்டாவில் சாம்பார் சாதம் கிளறியவர் மட்டன் பிரியாணி மாஸ்டர். ஏலக்காய் வாசனையோடு ஒரு சாம்பார் சாதம் என் வாழ்நாளில் அப்போதுதான் சாப்பிட்டேன்.

சேம்பர்ஸ்காலனி:

ஏரிக்கு ஒரு நல்ல சேதியும் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். 2019 கோடையில் சிட்லபாக்கம் மக்கள் சனி, ஞாயிறுகளில் கூடி, கையுறை மாட்டிக்கொண்டு, ஏரிக்குள் இறங்கிக் குப்பை அள்ளினார்கள். ஆபீஸ் போகிறவர்கள், பாட்டிகள், காலேஜ் பிள்ளைகள். நானும் நாலு வாரம் போனேன். மக்கள் இறங்கிய பிறகுதான் அரசும் அந்த ஏரியைச் சீரமைக்க 25 கோடி ரூபாய் ஒதுக்கியது. பல்லாவரம் ஏரிக்கும் அப்படி ஒரு கூட்டம் சேர முடியாதா?

தறிச்சத்தம்:

அனகாபுத்தூர் என்றதும் வெள்ளம் மட்டும்தான் ஞாபகம் வருகிறதா? நாங்கள் நெசவுக்காரர்கள். கட்டம் போட்ட மெட்ராஸ் துணி எங்கள் தெருக்களில் நெய்து நைஜீரியாவுக்குக் கப்பல் ஏறியது. அங்கே வாங்குவது நின்றதும் தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. பிடிவாதமாக இருந்த சிலர் வாழைநார், சணல் என்று இயற்கை நாரில் புடவை நெய்யப் பழகினார்கள். வாழைநார் பருத்தி நூல் மாதிரி நீளமாக வராது. கைநீளத்துக்குத்தான் வரும், ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டு நீட்ட வேண்டும், காய்ந்தால் முறியும் என்று ஈரப்பதம் பார்த்துக்கொண்டே நெய்ய வேண்டும். என் சித்தி ஒரு நாள் பூரா முடிச்சுப் போட்டுவிட்டு, ராத்திரி தூக்கத்திலும் விரலை உருட்டிக்கொண்டிருப்பார்.

சந்தைவெள்ளி:

சந்தையைப் பற்றி மலையடிவாரம் அண்ணன் முதல் பதிவிலேயே ஒரு வார்த்தையில் முடித்துவிட்டார். எனக்கு அது பொறுக்கவில்லை. எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக அங்கே கடை போடுகிறது.

முன்னே அது மாட்டுச் சந்தை. வெள்ளிக்கிழமை தோறும் பழைய டிரங்க் ரோட்டில் கூடும். இப்போது மாடு இல்லை, மற்றது எல்லாம் உண்டு. ரோஜாச் செடி, மாங்கன்று, லவ் பேர்ட்ஸ், மீன் தொட்டி, கருவாடு, காய்கறி, பழைய சோபா, கதவு, ஜன்னல், ரேடியோ, டைப்ரைட்டர், கம்ப்யூட்டர் கீபோர்டு, ஒற்றைச் செருப்பு. ஆம், ஒற்றைச் செருப்பும் விற்கும். ஒரு காலை இழந்தவர் ஒருவர் மாதம் ஒருமுறை எங்கள் அப்பாவிடம் வருவார். அப்பா அவருக்காகவே வலது கால் செருப்பு கிடைத்தால் எடுத்து வைத்திருப்பார். பணம் வாங்கியதை நான் பார்த்ததில்லை.

என் கடையில் ஸ்பேனர், டிரில்லிங் மெஷின், பழைய மோட்டார். விடியற்காலை நாலு மணிக்கு இடம் பிடித்துத் தார்ப்பாய் விரிக்க வேண்டும். முதல் வியாபாரம் ஆறு மணிக்கு முன்னால், டார்ச் அடித்துக்கொண்டு வருகிற மெக்கானிக்குகளிடம். விவரம் தெரிந்தவர்கள் அவர்கள்தான், ஒன்பது மணிக்கு மேல் வருகிறவர்கள் வேடிக்கை பார்க்க வருகிறவர்கள். போன வருஷம் ஒரு எம்.ஐ.டி. பையன் வந்து உடைந்த டிரோன் மோட்டார் நாலு வாங்கினான். மூன்று வாரம் கழித்து அதே மோட்டார் ஓடுகிற வீடியோவைக் கொண்டுவந்து காட்டினான். அன்றைக்கு முழுக்க எனக்கு வியாபாரமே தேவைப்படவில்லை.

இந்த ஊரில் கல்தேடி அண்ணன் சொல்கிற மாதிரி எல்லாம் வெளியே போகவில்லை. வெள்ளிக்கிழமை வந்து பாருங்கள், பட்டணத்தில் வேண்டாம் என்று தூக்கிப் போட்டதெல்லாம் இங்கே வந்து, யாராவது ஒருவருக்கு வேண்டியதாகிப் போகிறது.

கல்தேடி:

சந்தைவெள்ளி, நீங்கள் சொன்னது சரி. நான் எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன். உங்கள் கடையில் பழைய நிலவியல் சுத்தியல் எப்போதாவது கிடைத்தால் எனக்கு எடுத்து வையுங்கள்.

மலையடிவாரம்:

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எழுதுகிறேன். எல்லாவற்றையும் படித்துக் காட்டிவிட்டேன். மௌலாமலைத் தம்பியின் பாட்டி சாய்ந்த தூணை இரண்டு தடவை படிக்கச் சொன்னாள். பம்மல்பையன் அம்மாவின் இரண்டு குடமும் சேர்ந்துவிட்டது. தன் பெயர் ஏற்கெனவே தமிழ்தானாம், என் பெயரை மட்டும் மாற்றி நோட்டின் பின்பக்கம் எழுதி வைத்திருக்கிறாள்.

இரண்டு பக்கம் போதாமல் ஐந்து பக்கம் வந்துவிட்டது. ஆனால் முதல் பத்தி நான் சொன்னதும் இல்லை, நீங்கள் யாரும் சொன்னதும் இல்லை. அப்படியே தருகிறேன்:

"எங்கள் ஊரில் பேசிக்கொண்டிருக்கும்போது எல்லோரும் நடுவில் நிறுத்துவார்கள். மேலே விமானம் போகும். அது போனதும் விட்ட இடத்திலிருந்து பேசுவார்கள். பள்ளியில் டீச்சரும் அப்படித்தான் செய்வார்கள். வெளியூரில் என் அத்தை வீட்டுக்குப் போனபோது நான் மட்டும்தான் நிறுத்தினேன்."

நாற்பது வருஷமாக நானும் அப்படித்தான் பேசுகிறேன். எனக்கு இது தெரியவே இல்லை.

தமிழாசிரியை:

நூற்றுக்கு நூறு. பிழை இருந்தாலும் நான் திருத்தமாட்டேன்.

பம்மல்பையன்:

அம்மாகிட்ட போன்ல படிச்சுக் காட்டினேன். கேட்டுட்டு, "அந்தக் குடத்துல ஒண்ணு இன்னும் பரண்ல இருக்குடா"ன்னாங்க.

மௌலாமலை:

சரி, மலைக்கு எப்போது போகலாம்? வெள்ளிக்கிழமை பள்ளி விடுமுறையாக அமைந்தால் காலையில் சந்தை, வெயில் ஏறுவதற்குள் மலை. ஜும்ஆவுக்கு முன்னால் கீழே இறங்கிவிடலாம். டீச்சரம்மாவுக்கு நடுவில் இரண்டு இடத்தில் உட்காரத் திட்டு இருக்கிறது.

கல்தேடி:

அதே நாளில் அருங்காட்சியகத்தையும் சேர்க்க வேண்டாம், வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை. அதற்கு அடுத்த ஞாயிறு எழும்பூர் வைத்துக்கொள்வோம். பேழையையும் கைக்கோடரிகளையும் பாப்பாவுக்குக் காட்டிவிடலாம்.

யூனிட்வண்டி:

ஞாயிறு என்றால் வண்டி குறைவாகத்தான் வரும், ஒன்பது மணிக்கே பிளாட்பாரத்தில் இருங்கள். எல்லோருக்கும் ரிட்டர்ன் டிக்கெட் நான் எடுத்து வைக்கிறேன். எத்தனை பேர் என்று மட்டும் சொல்லுங்கள்.

ஏரிக்கரை:

இரண்டு.

சந்தைவெள்ளி:

மூன்று. அப்பாவும் வருகிறேன் என்கிறார்.